மாவட்ட எல்லையும் மடையானும்

பறவை பார்ப்பவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் நாள் தொடங்கி டிசம்பர் முப்பத்தோராம் நாள் வரை, ஒரு மாவட்டத்தின் எல்லைக்குள் எத்தனை வகைப் பறவைகளைக் கண்டோம், எத்தனை வகைகளின் குரலைக் கேட்டோம் என்று பட்டியலிடுவார்கள். ஆண்டு முடிந்ததும் ஏட்டை மூடிவைத்துவிட்டு, மறுநாள் காலை மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவார்கள். நேற்றுவரை இருநூறு வகை கண்டவரும் இன்று காலை வாசலில் கரையும் காகத்தோடுதான் கணக்கைத் திறக்க வேண்டும். இந்தச் சமத்துவம் எங்களுக்குப் பிடித்திருந்தது. சென்ற ஆண்டு திருவள்ளூர் மாவட்டத்துக்கு அப்படியொரு பட்டியலை நாங்கள் மூவர் சேர்ந்து எழுதினோம்.

மூவரில் ஒருவர் ஆவடியில் தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர். திருநின்றவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வயல் வரப்பில் வளர்ந்தவர். பறவைகளைப் புத்தகத்துக்கு முன்பே அறிந்தவர். இன்னொருவர் எங்கள் கல்லூரியில் விலங்கியல் படித்து, இப்போது பட்டாபிராமில் பள்ளி ஆசிரியராக இருக்கும் முன்னாள் மாணவி. மூன்றாமவர் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் இந்தக் கட்டுரையாளர். எங்களிடம் இருந்தவை இரண்டு இருநோக்கிகள், ஒரு கையேடு, ஒரு நாற்பது பக்க நோட்டு, மாணவியின் கைப்பேசி, பெரியவரின் காது.

தொடக்கத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. மாவட்டம் என்பது வருவாய்த் துறையின் சொல். பறவைக்குக் குடும்ப அட்டையும் இல்லை, இருப்பிடச் சான்றும் இல்லை. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்து காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று இரண்டானது. 2018இல் சென்னை மாவட்டத்தை விரிவாக்கியபோது அம்பத்தூர், மாதவரம், மதுரவாயல், திருவொற்றியூர் வட்டங்கள் திருவள்ளூரிலிருந்து சென்னைக்குப் போயின. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே நின்றுவிட்டன. எனவே அம்பத்தூர் ஏரியில் நீந்துகிற நாமக்கோழி சென்னைக்காரர். சில கிலோமீட்டர் மேற்கே ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியில் நீந்துகிற நாமக்கோழி திருவள்ளூர்க்காரர். பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் நீர்ப்பரப்போ பெரும்பாலும் காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் வருகிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் குடியிருப்பவர் ஒரே காலைப்பொழுதில் மூன்று மாவட்டப் பறவைகளைப் பார்த்துவிட்டு இட்லி சாப்பிட வீடு திரும்பிவிடலாம்.

ஆகவே சில விதிகளை எழுதிக்கொண்டோம். நாங்கள் எங்கே நிற்கிறோம் என்பது கணக்கில்லை. பறவை எங்கே இருக்கிறது என்பதே கணக்கு. எல்லைக்கு மேலே வானத்தில் பறந்தாலும் ஏற்றுக்கொள்வோம். குரல் மட்டும் கேட்டாலும் போதும். ஆனால் மூவரில் இருவராவது ஒப்ப வேண்டும். ஐயம் இருந்தால் எழுதக் கூடாது. கடைசி விதி மாணவி சேர்த்தது: எங்கே போனாலும் கண்ட எல்லாவற்றையும் எழுத வேண்டும். காகமானாலும் மைனாவானாலும் விடக் கூடாது. எத்தனை மணிக்குத் தொடங்கினோம், எவ்வளவு நேரம் நின்றோம், எவ்வளவு தூரம் நடந்தோம் என்பதையும் குறிக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியின் நியாயம் முதலில் பெரியவருக்குப் பிடிபடவில்லை. “காக்காயக் கூடவா எண்ணுவாங்க?” என்றார். மாணவி விளக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் சேர்ந்து 2002இல் தொடங்கிய இ-பேர்டு என்ற இணையப் பதிவேட்டில், நம்மைப் போன்றவர்கள் இடும் பட்டியலை வைத்துத்தான் பறவைகளின் பெருக்கமும் குறைவும் இன்று கணிக்கப்படுகின்றன. பார்த்து அடையாளம் கண்ட அத்தனையையும் எழுதினீர்களா என்று அது ஒவ்வொரு முறையும் கேட்கும். ‘ஆம்’ என்று ஒருவர் சொன்னால்தான், அவர் எழுதாத பறவை அன்று அங்கே அவர் கண்ணில் படவில்லை என்று கொள்ள முடியும். அரிய பறவையை மட்டும் எழுதுபவரின் பட்டியலில் காகம் இல்லாததற்கு எந்தப் பொருளும் கிடையாது. முழுப் பட்டியலில் காகம் இல்லாமல் போனால் அது ஒரு செய்தி.

‘இந்தியப் பறவைகளின் நிலை’ என்ற 2023ஆம் ஆண்டு அறிக்கை இத்தகைய பட்டியல்களின் மேல்தான் எழுந்தது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் இட்ட சுமார் மூன்று கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 வகைப் பறவைகளை அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் அறுபது விழுக்காடு குறைந்திருக்கின்றன. உடனடிக் கவனம் தேவைப்படுபவை என்று 178 வகைகளைக் குறித்திருக்கிறார்கள். அந்த 178இல் நம் மின்கம்பிகளில் நீலச் சிறகை மடித்து உட்கார்ந்திருக்கும் பனங்காடையும் ஒன்று. பனைமரப் பொந்தில் முட்டையிடுகிற, வயற்புறத்தில் வெட்டுக்கிளி தின்று வாழ்கிற சாதாரணப் பறவை அது. அரிதானவை குறைவதை யாரும் நம்புவார்கள். சாதாரணமானவை குறைவதைக் காட்ட ஆண்டுக்கணக்கில் சலிக்காமல் எழுதப்பட்ட கணக்கு வேண்டும். அதைக் கேட்டபின் பெரியவர் காகத்தை எண்ண ஒப்புக்கொண்டார்.

*

ஜனவரியின் முதல் ஞாயிறு பருத்திப்பட்டு ஏரிக்குப் போனோம். 2019இல் பூங்காவாக்கப்பட்ட ஏரி அது. கரையைச் சுற்றி நடைபாதை இருக்கிறது. நடப்பவர்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். கூழைக்கடாக்கள் தண்ணீரில் படகுபோல் மிதந்தன. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழிகளைப் பத்துப் பத்தாக எண்ணினோம். சிறு நீர்க்காகங்கள் பட்ட மரக்கிளைகளில் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. நத்தைகுத்தி நாரைகள் இரண்டு சேற்றில் மெல்ல நடந்தன. அவற்றின் அலகு மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், நத்தையைக் கையாளுவதற்கென்றே அமைந்ததைப் போல. முக்குளிப்பான் ஒன்று மூழ்கிற்று. அது எங்கே எழும் என்று மூவரும் மூன்று திசையைக் காட்ட, அது நான்காவது திசையில் எழுந்தது.

இரண்டு மணி நேரத்தில் முப்பத்தெட்டு வகை. மாணவி கையேட்டுப் பெயர்களைச் சொல்வார். பெரியவர் ஊர்ப்பெயர்களைச் சொல்வார். இரண்டும் பொருந்தும்போது எழுதுவோம். கையேட்டில் ‘இராக்கொக்கு’ என்று இருந்ததைப் பெரியவர் ‘வக்கா’ என்றார். அந்திக்குமேல் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகும் குரலைச் செய்தும் காட்டினார். ‘குளத்துக் கொக்கு’ என்று இருந்ததை ‘மடையான்’ என்றார். மடைவாயில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்பதால் அந்தப் பெயர் என்பது அவர் விளக்கம். நிற்கும்போது சேற்று நிறம். பறந்தால் முழு வெள்ளை. வயலில் கால் படும் தூரம்வரை நெருங்கினாலும் தெரியாது; எழும்பிய பிறகுதான் இங்கே ஒரு பறவை நின்றது என்று தெரியும்.

இலக்கிய வாசகர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். பழம்பாடல்களுக்கான உரைகளில் பறவைப் பெயர் வரும் இடங்களில் பெரும்பாலும் ‘ஒருவகைப் பறவை’ என்றோ ‘நீர்ப்பறவை’ என்றோதான் இருக்கும். தேர்வுக்கு அது போதும். பி. எல். சாமி போன்ற சிலரே சங்க இலக்கியப் புள்ளினங்களை உயிரியல் நோக்கில் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, இது இன்ன பறவையாகலாம் என்று எழுதினார்கள். அவ்வாறு பார்க்கத் தொடங்கினால், அக்காலப் புலவர்கள் எங்கள் விதிகளை முன்பே கடைப்பிடித்தவர்கள் என்று தோன்றும். சத்திமுற்றப் புலவரின் நாரைவிடு தூது அனைவரும் அறிந்தது. வறுமையைப் பாடிய பாட்டு என்றே அதைப் படிக்கிறோம். ஆனால் அந்தச் செங்கால் நாரை தெற்கே போய் வடக்கே திரும்பும் பறவை என்பதும், இணையோடு செல்வது என்பதும், அதன் அலகும் காலும் என்ன நிறம் என்பதும் அதில் பதிவாகியிருக்கின்றன. வலசை வரும் பறவையின் திசையைச் சரியாகக் குறித்த ஏடு அது.

குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. தலைவன் தன்னைக் களவில் மணந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனை எதிர்பார்த்து நின்ற ஒரு குருகு மட்டுமே இருந்தது என்று தலைவி சொல்வதாக வரும். அவன் பொய் சொன்னால் அவளுக்குச் சாட்சி அந்தக் குருகுதான். அதுவும் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த இக்கட்டில்கூட அவள் அதன் கால்களைத் தினையின் தாளோடு ஒப்பிட்டு, சிறியவை, பசியவை என்று நினைவுகூர்கிறாள். ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் இந்தப் பாட்டின் பொருளைச் சொன்னபோது பெரியவர் சற்றும் தயங்கவில்லை. “கால் பச்சையா இருந்துச்சுன்னா மடையான்தான் வாத்தியாரே. சின்னக் கொக்குக்குக் கால் கறுப்பு, பாதம்தான் மஞ்சள்.” மாணவி கையேட்டைத் திறந்து பார்த்தார். மடையானின் கால் மங்கிய மஞ்சட்பச்சை என்றே அதில் இருந்தது.

குருகு என்ற சொல் பல இடங்களில் பல பறவைகளைக் குறிக்கும். ஆகவே இதைத் தீர்ப்பாகச் சொல்ல மாட்டோம். எங்கள் விதிப்படி ஐயம் இருந்தால் எழுதக் கூடாது. ஆனால் ஓடையோரம் ஒற்றையாக நின்று மீன் பார்க்கும், பக்கத்தில் இருப்பதே தெரியாமல் நிற்கும் ஒரு பறவையை அந்த இடத்தில் வைத்துப் படித்தால் பாட்டு இன்னும் துயரமாகிறது. அன்று முதல் எங்கள் நோட்டில் குளத்துக் கொக்கு என்ற பெயர் வரவேயில்லை. மடையான் என்றே எழுதினோம்.

*

பட்டியல் வேகமாக வளர்ந்தது. செம்பரம்பாக்கத்தில் ஒரு காலை, விரால் அடிப்பான் ஒன்று ஏரியின் நடுவே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. மீன் மட்டுமே உண்ணும் வலசைப் பருந்து. எங்கள் பட்டியலில் இல்லாதது. ஆனால் அது வட்டமிட்டது காஞ்சிபுரம் மாவட்டத்தில். வடக்கே பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்கள்தாம் எங்களுடையவை. நாற்பது நிமிடம் காத்திருந்தோம். இரண்டு முறை பாய்ந்து வெறுங்காலோடு எழுந்தது. மூன்றாம் முறை மீன் அகப்பட்டது. மீனின் தலையை முன்பக்கம் வருமாறு திருப்பிப் பிடித்துக்கொண்டு, காஞ்சிபுரத்து மீனோடு நெடுஞ்சாலைக்கு மேலே பறந்து எங்கள் எல்லைக்குள் வந்தது. “வந்துட்டாரு, எழுதும்மா” என்றார் பெரியவர். சாலையோரத்தில் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள், நாங்கள் மூவரும் வானத்தைப் பார்த்துக் கைதட்டியதைக் கண்டு தாங்களும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பிப்ரவரியில் பழவேற்காடு. அங்கே எண்ணிக்கை ஒரே நாளில் முப்பதுக்கும் மேல் ஏறிற்று. பூநாரைகள் தொலைவில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரிந்தன. அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்துக்கு உரியது என்பதால், கோட்டின் எந்த முனை எங்களுடையது என்று மீனவர் ஒருவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. சேற்றில் எலி ஓடுவதுபோல் கொசு உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தின. அவற்றின் நடுவே ஒன்று சற்றே மங்கலாக, வேறுவிதமாகக் குனிந்து நின்றது. டெம்மிங்க் உள்ளானாக இருக்குமோ என்று மாணவிக்கு ஆவல். கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெம்மிங்க் உள்ளானுக்குக் கால் மஞ்சட்பச்சை. மறுபடியும் கால் நிறத்துக்கே வந்து நின்றோம். ஆனால் அந்தக் கால்களில் முழங்கால்வரை சேறு. கால் மணி நேரம் பார்த்தோம்; அது தண்ணீரில் இறங்கிக் காலைக் கழுவிக்கொள்ளவில்லை. எழுதாமல் திரும்பினோம். வண்டியில் வரும்போது மாணவி பேசவேயில்லை. மீஞ்சூர் தாண்டியபின், “கபிலர் பார்த்த கொக்கு கால் கழுவியிருந்திருக்கு, சார்” என்றார்.

மார்ச் இறுதியில் எண்ணிக்கை 139. அதன்பின் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிவிட்டன. ஏப்ரல் முழுதும் அலைந்து நான்கு புதிய வகைகள். மே மாதத்தில் ஒன்று. பலரும் பட்டியலைக் கைவிடுவது இந்த மாதங்களில்தான். நாங்கள் கைவிடாமல் இருந்ததற்குக் காரணம் ஒரு தாங்கல்.

எங்கள் பக்கத்தில் சிறிய ஏரியைத் தாங்கல் என்பார்கள். பெரிய ஏரியில் மிஞ்சும் நீரைத் தாங்கிக்கொள்வது. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையில், பெயர் சொல்லாமல் விடுகிற ஓர் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது. பெரியவரின் வீட்டிலிருந்து மிதிவண்டியில் பத்து நிமிடம். எங்கே போனாலும் போகாவிட்டாலும் ஒவ்வொரு ஞாயிறும் காலை அரைமணி நேரம் அங்கே நின்று எண்ணுவது என்று ஜனவரியிலேயே முடிவாகியிருந்தது. மூவரும் போவோம், முடியாவிட்டால் இருவராவது போவோம். அரிய பறவை எதுவும் அங்கே வந்ததில்லை. முக்குளிப்பான், மடையான், உண்ணிக்கொக்கு, வெண்மார்பு மீன்கொத்தி, ஆட்காட்டி, செம்போத்து, கரிச்சான். கரையோர மின்கம்பியில் ஒரு பனங்காடை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் ஒரே கம்பியில், ஒரே இடத்தில் இருந்தது. மார்ச் முதல் வாரத்துக்குப் பின் அதைக் காணோம். இனப்பெருக்கக் காலத்தில் அவை இடம் மாறுவதுண்டு என்பதால் நாங்கள் கவலைப்படவில்லை. பெரியவர் மட்டும் பனங்காடைக்கு நேரே ஒவ்வொரு வாரமும் ஒரு சுழி போட்டு வந்தார். காணாத எல்லாவற்றுக்கும் சுழி போட வேண்டியதில்லை என்று மாணவி சொன்னார். “இவனுக்கு மட்டும் போட்டுக்கறேம்மா” என்றார்.

மே மாதம் தாங்கல் வற்றிற்று. ஏழு வாரம் முக்குளிப்பானே இல்லை. வெடித்த தரையில் ஆட்காட்டிகள் மட்டும் எங்களைப் பார்த்துக் கூச்சலிட்டன. சில ஞாயிறுகளில் பதினோரு வகைதான் தேறின. அப்போதுதான் லாரிகள் வந்தன. இடிபாட்டுக் கற்கள், பிளாஸ்டிக் மூட்டைகள், உடைந்த பீங்கான். இரவில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஜூலையில் மழை பெய்து தாங்கலில் முழங்காலளவு நீர் நின்றது. ஒன்பதாம் நாள் முக்குளிப்பான்கள் இரண்டு வந்துவிட்டன. எங்கிருந்து வந்தன என்று தெரியாது. ஆனால் கிழக்குப் பக்கத்தில் கால்பங்கு மேடாகிவிட்டிருந்தது. அங்கே நீர் ஏறவில்லை.

ஊர்க்காரர்கள் சிலர் மனு எழுதினார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை, மனுவோடு எங்கள் நோட்டின் நகலையும் இணைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்றோம். மனுவை வாங்கியவர் பொறுமையாகப் புரட்டினார். பிறகு கேட்டார்: “இதுல ரேர் பறவை ஏதாவது இருக்கா சார்?” இல்லை என்றோம். “சம்மர்ல தண்ணியே இல்லாத இடம்தானே?” என்றார்.

இந்த இடத்தில் விரால் அடிப்பானும் பூநாரையும் எங்களுக்கு உதவவில்லை. உதவியது முப்பத்து நான்கு ஞாயிறுகளின் சலிப்பூட்டும் கணக்கு. முப்பத்து நான்கில் இருபத்தேழு வாரம் முக்குளிப்பான் இருந்தது. நீர் வற்றிய ஏழு வாரம் மட்டுமே இல்லை. நீர் வந்த ஒன்பதாம் நாள் திரும்பிற்று. இது வறண்ட நிலமல்ல, கோடையில் வற்றும் ஏரி என்பதற்கு அந்தச் சிறு பறவையின் வருகைப் பதிவேடுதான் சான்று. வற்றிய மாதங்களில் சலித்துப்போய் நாங்கள் போகாமல் இருந்திருந்தால், அந்த ஏழு வாரம் பறவை இல்லையா, பார்க்க ஆள் இல்லையா என்று யாரும் சொல்ல முடியாது. மாணவி இதை அவருக்கு விளக்கியபோது, அவர் நோட்டின் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக மடித்து மனுவின் மேலே வைத்தார்.

பெரிய வெற்றி எதுவும் கிட்டிவிடவில்லை. அக்டோபரில் கரையில் குப்பை கொட்டக் கூடாது என்று ஒரு பலகை வந்தது. லாரிகள் வருவது நின்றிருக்கிறது. கொட்டியதை யாரும் அள்ளவில்லை. கிழக்கு மேட்டில் இப்போது சீமைக்கருவேல் முளைத்திருக்கிறது. அதில் கரிச்சான் உட்காருகிறது. அதையும் எழுதினோம்.

*

அந்த ஆண்டு நாங்கள் கண்டவற்றில் மிக அழகான பறவை எங்கள் பட்டியலில் இல்லை. அக்டோபர் மூன்றாம் வாரம், அம்பத்தூரில் ஒரு நண்பர் வீட்டுப் பின்புறத்தில், துணி துவைக்கும் கல்லுக்கு அருகே வாழைச்சருகைக் கிளறிக்கொண்டு ஆறுமணிக்குருவி ஒன்று நின்றது. மத்திய இந்தியாவிலும் இமய அடிவாரத்திலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இரவில் பயணம் செய்து களைத்து, விடியலில் எந்தக் கொல்லை கிடைக்கிறதோ அதில் இறங்கிவிடும். பச்சை முதுகு, தோளில் ஒளிரும் நீலம், அடிவயிற்றில் சிவப்பு. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் கூவும் என்பதால் இந்தப் பெயர். நண்பரின் அம்மா அரிசி நொய்யைத் தூவி வைத்திருந்தார். அதற்கு வேண்டியது புழு என்பதால் அது நொய்யைச் சீந்தவில்லை.

கைப்பேசியில் செய்தி கிடைத்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோதும் அங்கேயே இருந்தது. சன்னல் கம்பிகளுக்கு இடையே மூச்சுவிடாமல் பார்த்தோம். பிறகுதான் மாணவிக்கு நினைவு வந்தது. அம்பத்தூர் சென்னை மாவட்டம். “சார், எல்லை இங்கேருந்து ரெண்டு மூணு கிலோமீட்டர்தான் இருக்கும்” என்றார் மெல்ல. பெரியவர் சன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “2018க்கு முன்னாடி வந்திருந்தா சேர்த்திருக்கலாம்.”

சேர்க்கவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில், எண்ணிக்கையில் வராத இடத்தில், நாளும் நேரமும் ஊரும் எழுதி வைத்தோம். அந்த நண்பரின் அம்மாவுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த குருவியை ஏன் சேர்க்க மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டார். சென்னை மாவட்டக்காரர்கள் சேர்த்துக்கொள்வார்கள் அம்மா என்று சமாதானம் சொன்னோம். மாணவி அங்கேயே இணையத்தில் சென்னை மாவட்டத்தின் பெயரில் அதைப் பதிந்து காட்டினார். அதன்பிறகே எங்களுக்குக் காப்பி வந்தது.

எல்லை பறவைக்குப் பொருளற்றது என்று தொடக்கத்தில் சொன்னோம். பொருளற்ற கோட்டுக்கு ஏன் இவ்வளவு விசுவாசம் என்று கேட்கலாம். கோடு எங்கேனும் ஓரிடத்தில் இருந்தால்தான் அதற்குள் இருப்பதை மீண்டும் மீண்டும் போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. நல்ல பறவைக்காக ஒருமுறை வளைத்துவிட்டால், முக்குளிப்பானுக்காக நாங்கள் காட்டிய கணக்கையும் யாரும் நம்ப வேண்டியதில்லை. தலைவிக்குச் சாட்சி சொல்லக் குருகு இருந்தது. குருகுக்குச் சாட்சி சொல்ல மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். அந்தச் சாட்சி மீனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

டிசம்பர் இறுதியில் எங்கள் பட்டியல் 171இல் நின்றது. தேர்ந்தவர்களுக்கு இது பெரிய எண் அல்ல. தாங்கலில் மட்டும் அறுபத்திரண்டு வகை. மின்கம்பியில் பனங்காடை திரும்பி வரவில்லை. ஓராண்டைக் கொண்டு எதையும் சொல்லிவிட முடியாது. அது பக்கத்து ஊர்க் கம்பிக்குப் போயிருக்கலாம், பனைமரம் இன்னும் மிச்சமிருக்கிற வேறொரு வரப்புக்குப் போயிருக்கலாம். பெரியவரின் சுழிகள் மார்ச்சிலிருந்து டிசம்பர்வரை ஒரே நேர்க்கோட்டில் இறங்குகின்றன. புதிய நோட்டிலும் பனங்காடைக்கு ஒரு வரிசை விட்டிருக்கிறார்.

ஆண்டுதோறும் பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்டவற்றையெல்லாம் எழுதினால் போதும். மொட்டைமாடி போதும், பேருந்து நிறுத்தம் போதும். இருநோக்கிகூட வேண்டாம். பறவைப் பெயர்கள் நிறையத் தெரிந்தும் பறவைகளைப் பாட்டில் மட்டுமே சந்தித்திருக்கிற நம் வாசகர்கள், வரும் பொங்கலுக்கு ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அருகிலுள்ள குட்டைக்கரைக்குப் போகலாம். முதலில் காகம் வரும். அதை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீரின் ஓரத்தைச் சற்று நேரம் பாருங்கள். எதுவும் இல்லை என்று தோன்றுகிற இடத்தில் மடையான் நின்றுகொண்டிருக்கும்.